இறைச்சிக்கு நடுவில் ஓர் ஆடு

டாக்டர் துலம்சுரென் சீட்டில் மூன்று வரி எழுதினார்.
உறிஞ்சும் மருந்து, காலையில் இரண்டு இழுப்பு.
பிப்ரவரி முடியும்வரை சன்னல் திறக்கக் கூடாது.
பஞ்சுப் பொம்மைகளை அப்புறப்படுத்தவும்,
அல்லது சுத்தம் செய்யவும்.
அந்த 'அல்லது'வைப் பிடித்துக்கொண்டு
வேறொருவன் ஓட்டிய பேருந்தில்
வீடு வந்தோம், நானும் ஹுலானும்.

கட்டிலுக்கடியில் துழாவியதில்
பதினொன்று தேறின.
ஒட்டகத்துக்கு ஒரு திமில் அமுங்கியிருந்தது.
கரடியின் மூக்கில் பற்பசை.
இன்னதென்று சொல்லமுடியாத ஒன்றை
காது இருப்பதால் முயல் என்று வைத்துக்கொண்டோம்.
ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
உலான்பாத்தரின் குளிர்காலம்
கரும்பொடியாய் வெளியே வந்தது.

பழைய தலையணை உறைக்குள் பத்தையும் போட்டு
ஷூ நாடாவால் வாயைக் கட்டினேன்.
இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிமுன்
சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.
உறைக்குள் யார் மேலே, யார் கீழே என்பது
அவளுக்கு மட்டும் தெரிந்தது.
"அதுங்களுக்கு மூச்சு வாங்குமாப்பா?"
வாங்காது.
"பஞ்சு மூச்சு விடாதா?"
விடாது.
"அப்ப நானும் கொஞ்ச நாள் பஞ்சா இருக்கேன்."
நல்லவேளை, அடுப்பில் தேநீர் பொங்கியது.
எழுந்து போக ஒரு காரணம் கிடைத்தது.

பதினோராவது, தரக்.
தரக் என்றால் தயிர். அது ஓர் ஆடு.
கொரியாவிலிருந்து ஊரன்சிமெக் அனுப்பிய பெட்டியில்
சோப்புக்கும் காலுறைக்கும் இடையே
நசுங்கி வந்தது, போன வருஷம்.
அவள் அங்கே ஓட்டல் விரிப்புகள் துவைக்கிறாள்,
நாளொன்றுக்கு நூற்று நாற்பது.
தரக்கை மட்டும் துவைக்கக் கூடாது.
அதன் கழுத்தில் அம்மா வாசம் இருக்கிறதாம்.
முகர்ந்து பார்த்தேன்.
எச்சில், புளித்த பால், நிலக்கரி.
எங்கேயும் ஊரன்சிமெக் இல்லை.
சொல்லவில்லை.
பதினாறு வருஷம் பேருந்து ஓட்டிய மூக்கு;
அதை நம்பி என்ன சொல்வது?

டாக்டரை மறுபடி அழைத்தேன்.
ஒரு நாள் முழுக்க உறையவிடுங்கள்,
தூசிப்பூச்சி செத்துவிடும் என்றார்.
வாசம் போகாது என்றும் சொன்னார் என்று
ஹுலானிடம் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பால்கனி எங்கள் குளிர்கால இறைச்சிக் கிடங்கு.
பாதிக் குதிரை, இரண்டு ஆடு.
நவம்பரில் மச்சான் கொண்டுவந்து
விறகுபோல் அடுக்கிவிட்டுப் போனது.
புகை படாதபடி இரட்டைப் பையில் சுற்றி
தரக்கை எடுத்துப்போனேன்.
இருந்த ஒரே இடம்
ஆட்டுத் தொடைக்கும் விலாவுக்கும் நடுவில்.

கண்ணாடி வழியே ஹுலான் பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"திருப்பி வை."
சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்தேன்.
"ராத்திரி அதுங்க இதுகிட்ட ஏதாவது சொல்லுமா?"
சொல்லாது, தலை மாமா வீட்டில் இருக்கு.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்றிரவு சூப்பில் உருளைக்கிழங்கு மட்டும்.

கணப்புக் குழாய் நெடுகப் பத்துப் பேர்
காதில் கிளிப் மாட்டித் தொங்கினார்கள்.
வீடெங்கும் நனைந்த நாயின் வீச்சம்.
கரடியைப் பிழியப் பிழியத் தண்ணீர்;
அவ்வளவையும் எங்கேதான் வைத்திருந்ததோ.

மறுநாள் தரக் கட்டையாய் வந்தது.
மேசையில் தட்டினால் சத்தம் கேட்டது.
நாற்காலியில் உட்காரவைத்து,
இளகியதும் கழுத்தை முகர்ந்தாள் ஹுலான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு முறை முகர்ந்தாள்.
பிறகு என் போனை எடுத்து
அம்மாவை அழைத்து,
தரக்கின் கழுத்தைத் திரையில் அழுத்தினாள்.
"வருதா?"

பதினோரு மணிநேர வேலை முடித்த ஊரன்சிமெக்
போனை மூக்கருகே கொண்டுபோனாள்.
எங்களுக்குத் திரை நிறைய
ஒரு மூக்குத்துளை.
கண்ணை மூடியிருப்பாள் என்று நினைக்கிறேன்.
"டீசல்," என்றாள்.

"இல்ல, அது நீதான்!"
கத்தியதில் ஹுலானுக்கு இருமல் வந்தது.
இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்தி
எண்ணினோம்.
நான்கு.

குழாய்மேல் கரடி
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
அடியில் ஒரு கிண்ணம் வைத்தேன்.